இசக்கிராஜா சுடலைமுத்தோவிச்

திசையன்விளை செல்லையா சலூனில் ஒரு சட்டம் உண்டு. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே யார் எதை அளந்துவிட்டாலும் கேட்கிறவன் "பொய்" என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. சொன்னால் தோற்றான். தோற்றவனுக்கு, கதை சொன்னவன் ஒரு வேலை இடுவான். அதை மறுபேச்சில்லாமல் செய்தாக வேண்டும்.

வாழைத்தார் மண்டி பேச்சிமுத்து இந்தச் சட்டத்தை வைத்தே ஊரை ஆட்டிவைத்தவர். தமிழ் வாத்தியார் ஞானதுரை ஒருதரம் வாய் தவறி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, மண்டி வாசலில் நின்று தொண்டை கட்டும்வரை வாழைத்தார் ஏலம் விட்டார். பேச்சிமுத்து மட்டும் ஒருநாளும் அகப்பட்டதில்லை. எதிராளி எதைச் சொன்னாலும் ஏப்பம் விடுவதுபோல நிதானமாக, "இருக்கும்ல, இருக்கும்" என்பார். அவ்வளவுதான், எதிராளி வெலவெலத்துப் போவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மனசு சரியில்லை. காரணம், அக்கா மாடத்தியின் மகன் இசக்கிராஜா. ரஷ்ய மொழியும் ரஷ்யப் பண்பாடும் படிக்கப் போகிறேன் என்று சைபீரியாவுக்குப் போனவன், அந்த வாரம்தான் படிப்பை முடித்துத் திரும்பியிருந்தான். பேச்சிமுத்து மதுரைக்கு வடக்கே போனதில்லை. அவருடைய புளுகெல்லாம் சைக்கிள் மிதிக்கிற தூரத்துக்குள் நடந்தவை. சந்தேகப்பட்டவன் சாயங்காலமே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இந்தப் பயல் சொல்வதை யார் போய்ப் பார்ப்பது? அதை நினைத்துக்கொண்டே அவர் நாற்காலியில் சாய, செல்லையா முகம் முழுக்கச் சோப்பு நுரையை அப்பினார். அந்த நேரம் பார்த்து இசக்கிராஜா உள்ளே நுழைந்தான்.

"வாடே மருமவனே. குளிரெல்லாம் எப்படி?" பேச்சிமுத்து கண்ணாடி வழியாகவே கேட்டார். பயலை முதலில் சின்னதாக ஆரம்பிக்கவிட்டு ஆழம் பார்க்கலாம் என்று அவருக்கு எண்ணம்.

"குளிருதான் மாமா. அங்க டீக்கடையில டீயை ஆத்தித் தரமாட்டான். ரம்பத்தால அறுத்துத் துண்டா தருவான். சட்டைப் பையில போட்டுக்கிட்டுக் காலேஜுக்குப் போகணும். உடம்புச் சூட்டுல உருக உருக, உறிஞ்சுகுழல் வச்சுக் குடிக்க வேண்டியதுதான்."

"இருக்கும்ல" என்றார் பேச்சிமுத்து.

"தை மாசம் ஒருநாள் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தேன். பஸ் வந்துட்டு. ஏறலாம்னா காலு வரமாட்டேங்கு. என்னன்னு பாத்தா, என் நிழலு ரோட்டோட சேர்ந்து உறைஞ்சு போச்சு. கடப்பாரை வச்சுப் பேத்துதான் எடுக்கணும், அதுக்கு நேரமில்ல. நிழலை அங்கேயே விட்டுட்டு நான் மட்டும் பஸ் ஏறிட்டேன்."

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஞானதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நிழல் இல்லாமலா காலேஜுக்குப் போனே?"

"எல்லாரும் அப்படித்தான் சார். பனிக்காலம் முடிஞ்சதும் ரோடு முழுக்க நிழலாக் கிடக்கும். அவனவன் வந்து தேடி எடுத்துக்கிடணும். நான் போறதுக்குள்ள என் நிழலை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். மிச்சம் கிடந்தது ஒரு தடிச்ச பொம்பளை நிழலு. வேற வழியில்லாம அதைத்தான் மாட்டிக்கிட்டு அலைஞ்சேன். சாயங்காலமானா அது எனக்கு முன்னால நீண்டு போய்க் காய்கறிக்கடையில நின்னுரும்."

செல்லையா கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டார். பேச்சிமுத்து, "இருக்கும்ல, இருக்கும்" என்றார். இந்தமுறை கொஞ்சம் எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"சரி, படிப்புக்கு வா" என்றார் ஞானதுரை. "மொழி கஷ்டமா?"

"மொழி கிடக்கட்டும் சார், என் பேரு அவங்களுக்குக் கஷ்டமாப் போச்சு. அங்க ஒருத்தன் பேரோட அவன் அப்பா பேரையும் சேர்த்துத்தான் மரியாதையாக் கூப்பிடுவாங்க. அப்பா பேருக்குப் பின்னால ஒரு 'ஓவிச்' ஒட்டிக்கும். எங்கப்பா பேரு சுடலைமுத்து. அதனால நான் இசக்கிராஜா சுடலைமுத்தோவிச். டீச்சரம்மா காலையில வருகைப் பதிவு எடுக்க ஆரம்பிச்சாங்கன்னா, என் பேரைச் சொல்லி முடிக்கும்போது மத்தியானச் சாப்பாட்டு மணி அடிச்சுரும். அந்தக் காலேஜுலயே காலைப் பாடம் நடக்காத வகுப்பு எங்க வகுப்பு ஒண்ணுதான்."

தன் மச்சான் பேர் சைபீரியா வரைக்கும் போய் ஒரு காலேஜையே முடக்கிப் போட்டதில் பேச்சிமுத்துவுக்கு உள்ளூர ஒரு பெருமைதான். ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. "இருக்கும்" என்றார்.

"அப்புறம் இலக்கணம். ரஷ்ய மொழியில வேற்றுமை மொத்தமே ஆறுதான். நம்ம தமிழ்ல எத்தனை சார்?"

"எட்டு." ஞானதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதைத்தான் நானும் டீச்சரம்மாகிட்டச் சொன்னேன். அந்தம்மா கண்ணுல தண்ணி வந்துட்டு. என்னம்மான்னு கேட்டா, 'எங்ககிட்ட விளி வேற்றுமை இல்லையே சுடலைமுத்தோவிச், நாங்க என்ன செய்வோம்'னு சொல்லுதாங்க. அப்பதான் எனக்கு விளங்குச்சு. சைபீரியாவுல யாரும் யாரையும் கூப்பிட முடியாது. பிள்ளை தெருவுல விளையாடப் போனா, அதுவா வீட்டுக்கு வாரவரைக்கும் தாய்க்காரி சோத்துத் தட்டை வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கணும். பக்கத்துல போய்த் தொட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கணும்."

"நீ என்ன செஞ்சே?"

"நம்மகிட்டத்தான் எட்டு இருக்கேன்னு எட்டாம் வேற்றுமையைக் குடுத்துட்டேன். பாடமெல்லாம் இல்ல, ஒரே ஒரு சொல்லுதான். 'ஏல'. மறுநாள் காலையில கதவைத் திறந்தா, ஊரு முழுக்க 'ஏல, ஏல'ன்னு ஒரே சத்தம். வருஷக்கணக்காப் பாக்காத அண்ணன் தம்பியெல்லாம் தெருவுக்குத் தெரு கட்டிப்பிடிச்சு அழுதாங்க."

ஞானதுரையின் முகம் சிவந்தது. நாற்பது வருஷம் வேற்றுமை நடத்தியவர். "ஏற்றுமதி பண்ண வேற பொருள் கிடைக்கலையாக்கும் உனக்கு? எட்டாம் வேற்றுமையையா தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்க?"

"கொஞ்சந்தான் சார் குடுத்தேன். இங்க யாருக்காவது குறைஞ்சிருக்கா, சொல்லுங்க."

ஞானதுரை யோசித்துப் பார்த்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். பேச்சிமுத்து முகத்தில் சோப்பு நுரை காய ஆரம்பித்திருந்தது. செல்லையாவுக்குச் சவர நினைப்பே இல்லை. கத்தியைக் கையில் பிடித்தபடி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்தது பண்பாடு" என்றான் இசக்கிராஜா. "அங்க ஒரு குளியல் உண்டு. மர வீட்டுக்குள்ள ஆவி பறக்க உக்கார வச்சு, ஒரு மரத்து இலைக்கொத்தால முதுகுல அடிப்பாங்க. உடம்புக்கு நல்லதாம். எனக்கு என்ன தெரியும்? அடி விழுந்ததும் நம்ம ஊர்ல வேப்பிலை அடிக்கிற ஞாபகம் வந்துட்டு. எனக்கு வந்துச்சோ இல்லையோ, எனக்குள்ள இருந்த பேய்க்கு வந்துட்டு."

"எந்தப் பேயிடே?" என்று செல்லையா கேட்டார்.

"சின்ன வயசுல உவரி உடைமரக் காட்டுக்குள்ள பிடிச்ச பேயி. இத்தனை வருஷமா சத்தமில்லாம இருந்திருக்கு. அடி பொறுக்காம வெளிய வந்து, அடிச்ச ஆளுக்கு ரஷ்ய மொழியிலயே நன்றி சொல்லுது. அதுவும் ஒரு பிழையில்லாம. நான் தூங்குன வகுப்பெல்லாம் அது உள்ள உக்காந்து பாடம் கவனிச்சிருக்கு மாமா. அப்புறம் என்ன, பரிட்சைக்கு அதையே அனுப்பிட்டேன்."

"பேயை உக்கார வச்சா பரிட்சை எழுதச் சொன்னாங்க?" ஞானதுரை பேப்பருக்குப் பின்னால் இருந்தே கேட்டார்.

"வாய்மொழிப் பரிட்சை சார். எனக்குத் தேர்ச்சி, அதுக்கு முதல் வகுப்பு. காலேஜுலயே வச்சுக்கிட்டாங்க. இப்ப அதுதான் மொழித் துறைத் தலைவர். என்னைக் கண்டா நின்னு வணக்கம் சொல்லும், ஆனா பழசையெல்லாம் பேசப் பிடிக்காது."

பேச்சிமுத்துவின் தொண்டைக்குள் அந்தச் சொல் முட்டிக்கொண்டு நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டார். நுரை காய்ந்து கன்னத்தில் பாளம் பாளமாக வெடித்தது. மூச்சை இழுத்துவிட்டு, "இருக்கும்ல" என்றார். குரல் கம்மியது. சலூனுக்குள் எல்லாரும் அதைக் கவனித்தார்கள். அவரும் கவனித்தார்.

இசக்கிராஜா விடவில்லை. "திரும்பி வரும்போது ரயிலு. நீளம்னா அப்படி ஒரு நீளம். எஞ்சின் மாஸ்கோ போய்ச் சேர்ந்து டிரைவர் இறங்கிக் குளிச்சிட்டான், என் பெட்டி இன்னும் நகரவே இல்ல. நானும் எவ்வளவு நேரம் உக்காருவேன். பெட்டி பெட்டியா நடந்தே வந்தேன். ஒரு பெட்டியில கல்யாணம் நடக்கு, நின்னு சாப்பிட்டேன். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தா, அதே மாப்பிள்ளை பொண்ணு பிள்ளைக்கு மொட்டை போட்டுக்கிட்டிருக்காங்க. அதுக்கும் தள்ளிப்போனா அந்தப் பிள்ளை மீசையோட நின்னு டிக்கெட் பரிசோதிக்கான். அவங்கப்பா கல்யாணத்துல சாப்பிட்ட உறவைச் சொன்னேன், விட்டுட்டான்."

"இருக்கும்ல, இருக்கும்" என்றார் பேச்சிமுத்து. இதில் அவர் சுதாரித்துக்கொண்டார். பேயையே முழுங்கியாயிற்று, ரயில் எம்மாத்திரம்? இனி இவனிடம் சரக்கு இருக்காது என்று பட்டது. சாய்ந்து உட்கார்ந்து, செல்லையாவைப் பார்த்துச் சவரத்தை ஆரம்பிக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

இசக்கிராஜா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அதுவரை கணீரென்று இருந்த குரல் இப்போது இறங்கிவிட்டது. "மாமா, நான் அங்க ஒரு பொண்ணைக் கல்யாணம் பண்ணிட்டேன்."

"இருக்கும்ல. பேரு என்ன?"

"வர்வாரா."

"யாரு வருவாரா?"

"அவதான் மாமா. வர்வாரா."

"வருவாரா, மாட்டாரா? சரியாச் சொல்லுல."

"பேரே அதுதான் மாமா. இன்னைக்குக் காலையில ரயிலுல வந்தாச்சு. எதிர்த்த பழக்கடையில ஜூஸ் குடிச்சிட்டிருக்கா."

பேச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. பயல் சரக்கு தீர்ந்து சறுக்குகிறான். "இருக்கும்ல. உங்கம்மா என்ன சொன்னா?"

"அம்மாவுக்குத் தெரியாது."

"எது தெரியாது?"

"கல்யாணம் பண்ணுனது."

பேச்சிமுத்து நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தார். மாடத்தி அவருக்கு மூத்தவள். ஐம்பத்தைந்து வயதிலும் அவர் ஒரு பீடியைப் பற்றவைத்தால், மூன்று தெரு தள்ளி இருந்துகொண்டு அதை அறிகிறவள். பேய் துறைத் தலைவராகலாம். நிழல் காய்கறி வாங்கலாம். ஆனால் மாடத்திக்குத் தெரியாமல் அவள் பெற்ற பிள்ளை கல்யாணம் கட்டுவது இந்த உலகத்தில் நடக்கிற காரியமா?

"எங்கக்காவுக்குத் தெரியாமயா? பொய்."

செல்லையா கையிலிருந்த கத்தியை மேசையில் வைத்தார். ஞானதுரை பேப்பரை நான்காக மடித்து மடியில் போட்டுக்கொண்டார். ஏலம் விட்ட தொண்டை அன்றைக்குத்தான் அவருக்குச் சரியானது போலிருந்தது.

வாசலில் ஒரு பெண் நின்றாள். உயரமாக, சுடிதாரும் துப்பட்டாவுமாக. தலைமுடி சோளக்கதிர் நிறம். கையில் பாதி குடித்த சாத்துக்குடி ஜூஸ். பேச்சிமுத்துவைப் பார்த்து, "வணக்கம் மாமா. மூஞ்சில சோப்பு காஞ்சு போச்சே" என்றாள், இசக்கிராஜாவிடம் கற்ற அதே திசையன்விளைத் தமிழில்.

பேச்சிமுத்து முகத்தைத் தடவிப் பார்த்தார். நுரை உதிர்ந்து மடியில் விழுந்தது.

"வேலையைச் சொல்லுடே" என்றார் மருமகனிடம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"எங்கம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும் மாமா."

"தார் சுமக்கச் சொல்லு. ஏலம் விடச் சொல்லு. மொட்டைகூடப் போட்டுக்கிடுதேன்."

"சட்டம் சட்டந்தான்" என்றார் ஞானதுரை.

சவரம் ஆகாத முகத்தோடு பேச்சிமுத்து மாடத்தி வீட்டுக்கு நடந்தார். பின்னால் சற்றுத் தள்ளி இசக்கிராஜாவும் வர்வாராவும் வந்தார்கள். வழியெல்லாம் அவர் வாய்க்குள் ஒத்திகை பார்த்தார். புளுகு என்றால் தானாக வரும், யோசிக்கவே வேண்டாம். உண்மையை எங்கே பிடித்து எப்படித் தொடங்குவது என்றே அவருக்குத் தெரியவில்லை.

மாடத்தி அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். அவர் நிலைப்படியில் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "அக்கா, நம்ம இசக்கி சைபீரியாவுல ஒரு ரஷ்யாக்காரப் பிள்ளையைக் கல்யாணம் முடிச்சிட்டான். பேரு வர்வாரா. கூட்டியாந்திருக்கான்."

மாடத்தி திரும்பவில்லை. "சொல்லிட்டியா? அந்தத் தேங்காயைத் துருவு."

"அக்கா, சத்தியமா."

"சலூன்ல யாரும் கேக்கலன்னதும் இங்க வந்துட்டியாக்கும். குழம்பு கொதிக்குது, துருவுல."

இத்தனை வருஷத்தில் வாயைத் திறந்து சொன்ன ஒரே ஒரு உண்மை இந்த மாதிரி கேட்பாரற்றுப் போனதில் பேச்சிமுத்துவுக்கு அழுகை முட்டியது. தேங்காயை எடுத்துக்கொண்டு துருவலகையில் உட்கார்ந்தார். அதற்குள் வர்வாரா அடுப்படிக்கே வந்து, குனிந்து மாடத்தியின் காலைத் தொட்டுவிட்டு, "கொண்டாங்க அத்த, மீனை நான் அலசுதேன்" என்றாள். இசக்கிராஜா தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

மாடத்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க இருந்துத்தா வாரே?"

"வள்ளியூர்ல இருந்துதான் அத்த. காலையில ரயிலு அங்கதான் நின்னுச்சு."

மாடத்தி மீன் சட்டியை அவள் கையில் கொடுத்தாள். பிறகு தம்பி பக்கம் குனிந்து, அவளுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்: "ரஷ்யாவாம்ல ரஷ்யா. பிள்ளை வாயாலயே வள்ளியூர்னு சொல்லுது. யாரு வீடுன்னு விசாரிச்சு வை. நம்ம இசக்கிக்குப் பொண்ணு கேட்டுப் பாப்போம்."