பித்தளைக் குழாயின் பதில்

"பித்தளைக் குழாய் பதில் சொல்லுமா, மேடம்?"

தேவசகாயம் இப்படிக் கேட்டபோது பேராசிரியர் உமையாளின் தோளில் பொன்னாடைகள் குவிந்திருந்தன. உமையாள் சிரித்தபடி தலையாட்டினார்.

காலையிலிருந்தே அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார். அன்று அவருக்குப் பணிநிறைவுப் பாராட்டு விழா. பேசியவர்கள் எல்லோரும் அவரை வானத்தில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, போண்டா சாப்பிடப் போயிருந்தார்கள். தேநீர் இடைவேளை முடிந்ததும் அவருடைய ஏற்புரை.

உமையாள் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தது உட்காதை. நல்ல காதுக்குள் ஒலியை அனுப்பினால், அது மிக மெல்லிய ஒலி ஒன்றைத் திருப்பி அனுப்பும். காது கேட்காத பிள்ளைகளிடமும் அப்படியொரு பதில் துளியளவு வருகிறது என்று கண்டு சொன்னவர் அவர். அந்தப் பதில் வந்தால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது, காது கேட்க வைக்கும் அறுவை சிகிச்சைக்கு அவசரமில்லை என்று மருத்துவர்கள் பெற்றோரைக் காத்திருக்கச் சொன்னார்கள். அவருடைய புகழெல்லாம் அதன்மேல்தான் நின்றது.

தேவசகாயம் அவருடைய முதல் மாணவர். தலை நரைத்துவிட்டது. ஆனாலும் ஆசிரியர் முன்னால் உட்கார மாட்டார். போன வாரம் அவர், ஒலியை அனுப்பி அந்தப் பதிலைப் பிடிக்கும் கருவியை யார் காதிலும் வைக்காமல், வெறும் பித்தளைக் குழாயில் வைத்துப் பார்த்தார்.

குழாயும் அதே பதிலைச் சொன்னது.

விழா நாளில் போய் இதைச் சொல்வதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொல்லாவிட்டால், திங்கட்கிழமை வரப்போகிற குழந்தையையும் காத்திருக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பேச்சு பழகும் வயது யாருக்காகவும் நிற்காது.

ஆசிரியர் சிரித்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது. மீதியையும் சொன்னார்.

"அந்தப் பதில் காதிலேர்ந்து வரலை மேடம். அது நம்ம மெஷினோட எதிரொலி."

"சந்தோஷம் தேவா, ரொம்ப சந்தோஷம்" என்றார் உமையாள்.

தேவசகாயத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் மேசைமேல் திறந்து கிடந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பார்த்தார். உள்ளே உமையாளின் காதுமெஷின் இருந்தது. சில வருடங்களாக அவருக்கே காது மந்தம். பாராட்டுரை தொடங்கியதுமே கழற்றி வைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஆக, சொல்லியாகிவிட்டது. காதில் விழாததற்குத் தான் என்ன செய்ய முடியும்? தேவசகாயம் கும்பிட்டுவிட்டு வாசல்வரை போனார். நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருந்ததை நினைத்தபோது வெட்கமாகிவிட்டது.

திரும்பி வந்தார். கண்ணாடிக் கூட்டை எடுத்து, இரண்டு கையாலும் ஆசிரியரிடம் நீட்டினார்.

"எதுக்குப்பா? நீயும் பாராட்டத்தானே போற?"

தேவசகாயம் இல்லை என்று தலையசைத்தார்.

உமையாள் அவர் முகத்தைப் பார்த்தார். மெஷினை எடுத்துக் காதில் பொருத்திக்கொண்டார்.

"முதல்லேர்ந்து சொல்லு."

இந்தத் தடவை சுற்றி வளைக்காமல் சொன்னார். திங்கட்கிழமை வரும் குழந்தையைப் பற்றியும் சொன்னார். உமையாள் கை நீட்டி, அவர் கொண்டு வந்திருந்த குழாயை வாங்கி, உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"நீ சேர்ந்த அன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன்?"

"காதுல வைக்கிறதுக்கு முன்னால குழாயில வச்சுப் பாருன்னு சொன்னீங்க."

"அதை எப்ப விட்டேன்?"

"புது மெஷின் வந்த அப்புறம், மேடம். நானுந்தான் விட்டுட்டேன்."

தேவசகாயம் இன்றைக்குப் பார்த்து இதைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்.

"ஏற்புரைக்கு என்ன பேசறதுன்னே தெரியாம உட்கார்ந்திருந்தேன்" என்று உமையாள் எழுந்தார்.

பொன்னாடைகளை நாற்காலியில் போட்டார். குழாயை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவர் மேடை ஏறியதும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. காதுமெஷினுக்குள் அது இடி மாதிரி விழுந்திருக்கும். முகம் சுளித்தார். கை தானாகக் காதுக்குப் போனது.

கழற்றவில்லை.