எதிர்ப்பக்கம் பார்க்கும் கப்பல்

கடலும் கரையும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், யவனக் கடலின் ஒரு தீவில் கடலோடிகளின் மனைவிமார் ஆளுக்கொரு முத்திரை மோதிரம் போட்டிருந்தார்கள். மோதிரக் கல்லை மெழுகில் அழுத்தி, அந்த மெழுகைக் கடலில் விடுவார்கள். கப்பலோடு துள்ளி வரும் ஓங்கில்கள் என்னும் டால்பின்கள் மெழுகில் பதிந்ததைப் பார்த்து அப்படியே செய்யும். வலப்பக்கம் என்றால் கரை, இடப்பக்கம் என்றால் ஆழ்கடல். அவற்றுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கல்லில் பூவோ நட்சத்திரமோதான் வெட்டுவது வழக்கம். யார் கப்பலானாலும் பத்திரமாக வரட்டும் என்று அதற்கு அர்த்தம்.

மெலித்தா கல் வெட்டுகிறவள். அவள் புருஷன் தெரோன் கடலுக்குப் போய் இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது. மற்றவர்கள் கப்பலெல்லாம் வந்து சேர்ந்தன. தன் பூவை ஊரார் கப்பலுக்கே செலவழித்துவிட்டன இந்த ஓங்கில்கள் என்று அவளுக்கு ஆத்திரம். தெரோனின் கப்பலையே வெட்டப்போவதாகச் சொன்னாள். பக்கத்துப் பட்டறை தாமோன் சிரித்தான். பாய்மரத்தில் உட்கார ஒரு காக்கையையும் சேர்த்துக்கொள் என்றான்.

எண்ணெயும் கல்தூளும் தொட்டு, வில்லால் ஊசியைச் சுழற்றி, சிவந்த சூதுபவளக் கல்லை நாற்பது நாள் குடைந்தாள். தெரோனின் கப்பல் பாயில் அவள் முன்பு தைத்துக் கொடுத்திருந்த ஒட்டுத் துணிகூட அதில் வந்தது. கப்பலின் முகப்பு வலப்பக்கம், கரையைப் பார்த்தது. மெழுகில் அழுத்தியவள் பதிந்ததைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. அலையில் விட்டுவிட்டாள்.

மறுநாள் மதியம் அந்த ஒட்டுப் பாய் தெரிந்தது. தெரோன் முகப்பில் நின்று கையை ஆட்டினான். தானாகவே வந்துகொண்டிருந்த கப்பல். ஓங்கில்கள் கூட்டமாக வந்து அதை முட்டித் திருப்பின. மெலித்தா இடுப்பளவு தண்ணீரில் ஓடினாள்.

“அவரைக் கரைக்குக் கொண்டு வாங்க.”

கிழ ஓங்கில் ஒன்று தலையைத் தூக்கியது. “ஆழ்கடலுக்குத்தானே அம்மா கேட்டிருக்கிறாய்.”

“நான் கரையைப் பார்த்துத்தான் வெட்டினேன்.”

“கல்லை நான் பார்க்கவில்லை. மெழுகில் இடப்பக்கம் போகிறது.”

கல்லின் வலம் மெழுகில் இடமாகிவிடும். பூவுக்கும் நட்சத்திரத்துக்கும் எந்தப் பக்கமும் ஒன்றுதான் என்பதால் அதுவரை யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு கல்லில் கப்பலை இடப்பக்கம் திருப்பி வெட்டினாள். அதற்கும் நாற்பது நாள் பிடித்தது. புது மெழுகோடு போன ஓங்கில்கள் வெகுநாள் தேடிவிட்டுக் கப்பல் இல்லாமல் திரும்பின. கிழ ஓங்கில் மெழுகை அவள் காலடியில் போட்டுவிட்டு ஆழத்துக்குப் போனது. பிறகு எந்த மனிதரிடமும் ஓங்கில்கள் வாய் திறக்கவில்லை.

முத்திரைக் கல்லில் உருவத்தை இடம்வலம் மாற்றி வெட்டுவது அன்று தொடங்கியதுதான். கரைக்கு வரச்சொல்லிக் கேட்கும் கப்பல், கேட்கிறவளின் விரலில் இன்றும் விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது.