மூன்று நிலையங்களும் பழுது

நாகமலை அடிவாரத்தில் தியானம் சொல்லிக்கொடுத்து வந்தார் அலர்மேலம்மை. அவரிடம் வந்து சேர்ந்த குலசேகரனுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. ஆசிரியரோ அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் குலசேகரன் அவரை வாய் நிறைய ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

பங்குனி அமாவாசையன்று காலையிலேயே குலசேகரன் பையைக் கட்டிவிட்டார்.

“நான் கிளம்புறேன் அம்மா. தாமிரபரணிக் கரையில ஒரு பெரியவர் இருக்காராம். இன்னைக்கு மட்டும்தான் ஆள் சேர்க்கிறாராம். விளக்கு வைக்கிறதுக்குள்ள போயாகணும்.”

“இங்கே என்ன குறை?”

“திருவண்ணாமலையில ஒருத்தர்கிட்ட இருந்தேன். அப்புறம் பழனியில ஒருத்தர், காரைக்குடியில ஒருத்தர். இப்போ நீங்க. யார்கிட்டயும் எனக்கு ஒண்ணும் கிடைக்கல. ஏன் அம்மா, விஷயம் தெரிஞ்சவங்களே நாட்டுல இல்லையா?”

ஆசிரியர் கொடியில் காய்ந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நானும் வரேன். உங்க மின்சார பைக்ல நான் போனதே இல்லை.”

குலசேகரனுக்கு எப்போதுமே வேகம் பிடிக்கும். அன்றைக்கு அவசரமும் சேர்ந்துகொண்டது. நாற்கரச் சாலையில் வண்டி பறந்தது. ராத்திரி சார்ஜ் போட மறந்திருந்ததால், திருமங்கலம் தாண்டி ஓர் ஓட்டல் வாசலில் இருந்த சார்ஜ் நிலையத்தில் நிறுத்தினார்.

பிளக்கை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் சிவப்பாகிவிட்டது.

குலசேகரனுக்கு எல்லா வைத்தியமும் அத்துப்படி. பிளக்கைக் கழற்றி, அழுத்தி மாட்டினார். செல்பேசியில் செயலியை மூடித் திறந்தார். யாராவது அவசரப் பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருப்பார்களோ என்று அதையும் திருகிப் பார்த்தார். மறுபடியும் சிவப்பு.

“மெஷின் பழுது!” என்றவர், செயலியில் அந்த நிலையத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, ‘வேலை செய்யவில்லை. யாரும் வராதீர்கள்’ என்று எழுதினார்.

“அடுத்தவங்க ஏமாறக் கூடாது பாருங்க.”

“நல்ல மனசு” என்றார் ஆசிரியர். “வண்டியில மஞ்சளா ஒரு குட்டி விளக்கு எரியுதே, அது என்ன?”

“அந்தத் தெர்மாமீட்டர் படமா? வெயில் அதிகம்னு சொல்லுது. அது நமக்கே தெரியாதா?”

“அப்போ ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு...”

“நேரமில்லை அம்மா!”

இழந்த நேரத்தைப் பிடிக்க இன்னும் வேகமாக ஓட்டினார். விருதுநகர் நிலையத்திலும் முதலில் பச்சை, உடனே சிவப்பு. அங்கேயும் ஒற்றை நட்சத்திரம். அதைவிட வேகமாகச் சாத்தூர் வந்து சேர்ந்தபோது, வண்டியில் சார்ஜ் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. அந்த நிலையமும் சிவப்பைக் காட்டியது.

“மூணு நிலையம், மூணும் பழுது! இந்த ரோடே பழுது அம்மா!” என்று கத்திக்கொண்டே மூன்றாவது ஒற்றை நட்சத்திரத்தைப் போட்டார்.

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். “இனி ஓடவும் முடியாது. வண்டியை அந்த வேப்பமர நிழலுக்காவது தள்ளுவோமா?”

தள்ளினார்கள். ஆசிரியர் சாலையோரக் கூடைக்காரியிடம் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி நீட்டினார். “சாத்தூருக்கு வந்துட்டு இதைத் தின்னாமப் போறதா?”

குலசேகரன் சூரியனையே பார்த்துக்கொண்டு கடித்தார். இரண்டாவது பிஞ்சில் ருசி தெரிந்தது. மூன்றாவதை அவரே கேட்டு வாங்கினார். பேச்சு எங்கெங்கோ போனது. நிழல் மரத்தைச் சுற்றி நகர்ந்தது.

அப்போது ஓர் இளம்பெண் நீல ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பிளக்கை மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. அணையவே இல்லை.

குலசேகரன் துள்ளி எழுந்தார். “ஏம்மா, அது பழுதாச்சே!”

“அப்படித்தான் சார் எவனோ எழுதி வச்சிருக்கான். திருமங்கலத்துலயும் அதே, விருதுநகர்லயும் அதே. அவனை நம்பி ரெண்டையும் விட்டுட்டேன். இதுக்கு மேல வண்டி நகராதுன்னுதான் இங்க மாட்டிப் பார்த்தேன். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்...”

வெள்ளரி குலசேகரனுக்குத் தொண்டையில் நின்றது. ஆசிரியர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

“உங்களுக்கு சார்ஜ் ஏறலையா சார்? வேகமா ஓட்டிட்டு வந்த சூட்டோட மாட்டியிருப்பீங்க. மஞ்சள் விளக்கு எரிஞ்சா பேட்டரி எதையும் வாங்கிக்காது. கொஞ்சம் ஆறணும்.”

குலசேகரன் வண்டியிடம் போனார். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. தள்ளிக்கொண்டு வந்து, பக்கத்துப் பிளக்கை மாட்டினார். பச்சை.

சார்ஜ் சதவீதம் ஒவ்வொன்றாக ஏறுவதை, பண்டிகைப் பலகாரத்தைப் பார்க்கும் பிள்ளைபோல் நின்று பார்த்தார். பிறகு செல்பேசியை எடுத்தார். மூன்று நிலையங்களுக்கும் தான் எழுதியதை அழித்தார். விரல் அங்கேயே நின்றது.

“அம்மா, காரைக்குடியில, பழனியில எல்லாம்கூட நான் நாலு பேர்கிட்ட ‘அங்க யாரும் போகாதீங்க’ன்னு...”

“வெள்ளரி இன்னும் ஒண்ணு இருக்கு. வேணுமா?”

வாங்கிக்கொண்டார்.

“நீ வரும்போது எங்கேயும் நிற்கலையாம்மா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார் ஆசிரியர்.

“நிற்காமலா? விருதுநகர் தாண்டி ஒரு பனைமரத்தடியில நுங்கு சீவித் தராங்க. நாலு தின்னேன்.”

“பனைமரமா? நாங்களும் அந்த வழியாத்தானே வந்தோம்!” என்றார் குலசேகரன்.

“வந்தோம்” என்றார் ஆசிரியர்.

வண்டி தயாரானது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. கொஞ்சம் முறுக்கினால் விளக்கு வைப்பதற்குள் தாமிரபரணிக்குப் போய்விடலாம். குலசேகரன் தெற்கே போகும் சாலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு வண்டியை வடக்கே திருப்பினார்.

“வீட்டுக்குத்தானே அம்மா?”

ஆசிரியர் பின்னால் ஏறி உட்கார்ந்து, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார்.

“எங்கே ஆனாலும் சரி. அந்தப் பனைமரம் கண்ணுல படுற வேகத்துல போங்க.”