சகாயமேரியின் பக்கத்துக் கண்ணாடி

கோத்தகிரியில் ரெஜினாவின் ஒர்க்‌ஷாப்புக்குள் காலை பத்து மணிக்கும் பனிமூட்டம் வந்து நிற்கும். கார் வயரிங்கில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. வயது முப்பத்துநாலு. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த போஜனுக்கு ஐம்பத்தேழு. தேயிலை ஆலையை மூடும்வரை அங்கே மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

அன்று சேவியர் தன் காரோடு மூன்றாம் முறையாக வந்தார். பின் இருக்கையில் அவர் மனைவி சகாயமேரி. பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் வசத்தில் இருந்தது.

"அவ பக்கத்துக் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் காட்டுறா. அவ அமுக்குனா இறங்கறதில்ல. நான் முன்னாலிருந்து அமுக்குனா இறங்குது" என்றார் சேவியர்.

போஜன் பின்கதவைத் திறந்து, குனிந்து, ஸ்விட்சை அமுக்கினார். கண்ணாடி இறங்கியது. ஏறியது. போன வாரம் அவர் போட்ட புது ஸ்விட்ச் அது.

கதவைச் சாத்திவிட்டு ரெஜினாவிடம் வந்தார்.

"ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கும்மா. அந்தம்மா விரல்லதான் பலமில்ல. அதை எப்படிச் சொல்றது?"

சேவியர் காதில் விழுந்துவிட்டது.

"டாக்டரும் கை வலு குறையலாம்னு சொன்னார். இனிமே நானே இறக்கி விட்டுக்கறேன்."

உள்ளே சகாயமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டு மறுபக்கமாக ஏறி அவர் அருகில் உட்கார்ந்தாள். சாவியைப் போடச் சொன்னாள். எல்லாக் கதவுகளையும் மூடச் சொன்னாள்.

மூட்டம் கண்ணாடிகளை வெள்ளையாக மூடியது. ஒர்க்‌ஷாப் கரைந்துபோயிற்று. சேவியரும் போஜனும் வெளியே இரண்டு நிழல்கள். அவர்கள் பேச்சு தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோலக் கேட்டது. எந்த ஊர், என்ன கிழமை என்று உள்ளே யாருக்கும் தெரியாதுபோல இருந்தது.

ரெஜினா அவசரப்படவில்லை. மூச்சுச் சத்தம் இரண்டும் ஒன்றாகும்வரை சும்மா இருந்தாள்.

"இப்ப அமுக்குங்கம்மா."

சகாயமேரி நகம் வெளுக்கும்வரை அமுக்கினார். கண்ணாடி அசையவில்லை. ரெஜினா எட்டித் தன் விரலால் அமுக்கினாள். அப்போதும் அசையவில்லை.

"எனக்கும் இறங்கலம்மா" என்றாள்.

சகாயமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

பிறகு ரெஜினா இறங்கிவந்து அந்தக் கதவைத் திறந்தாள். கீல் ஓரம் கதவுக்குள் வயர்கள் போகும் ரப்பர் குழாயை உருவினாள். உள்ளே அந்த ஸ்விட்சுக்குப் போகும் வயர் மட்டும் முறிந்திருந்தது. கதவு திறந்தால் முனைகள் தொட்டுக்கொண்டன. மூடினால் பிரிந்தன.

போஜன் முனைகளை ஈயத்தால் பற்றவைத்துக் கொடுத்தார்.

கதவு மூடியது. சகாயமேரி அமுக்கினார். கண்ணாடி மெல்ல இறங்கியது. மூட்டம் உள்ளே போயிற்று. அவர் கையை வெளியே நீட்டி, ஈரக்காற்றில் விரல்களை விரித்துவைத்துக்கொண்டார். சேவியர் அந்தக் கையைப் பார்த்தபடி நின்றார். வண்டியை எடுக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

கார் வளைவில் மறைந்ததும் போஜன் கேட்டார்.

"மூணு தடவை பார்த்தேனேம்மா. மூணு தடவையும் எனக்கு இறங்குச்சே?"

"நீங்க கதவைத் திறந்து வச்சுக்கிட்டு அமுக்குனீங்கண்ணே" என்றாள் ரெஜினா. "அவங்க மூடின கதவுக்குள்ள இருந்தாங்க."