கழுவிய திராட்சை

மலையடிவாரத்து மடத்தில் பீர் தயாரிக்க ஈஸ்ட் வாங்குவதில்லை. காய்ச்சிய பார்லிச் சாற்றை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்து வைத்துவிடுவார்கள். காற்றோடு வருவது வந்து புளிக்க வைக்கும். பிறகு அதை மரப்பீப்பாயில் ஊற்றி, ஒயின் திராட்சையைப் போட்டு ஒரு வருடம் மூடி வைப்பார்கள். திராட்சையைக் கழுவக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான சட்டம். மற்ற சட்டங்களைத் துறவிகள் அவ்வப்போது மீறுவதுண்டு. இதில் மட்டும் அதுவரை யாரும் கை வைத்ததில்லை.

பீப்பாயைத் திறந்த காலையில் சீடர் இருதயம் முதல் கோப்பையைக் கேட்டு வாங்கினார். உள்ளே கிடந்தது அவருடைய அண்ணன் சவரிமுத்துவின் தோட்டத்துப் பழம். அண்ணன் போன மாதம்தான் மாரடைப்பில் இறந்திருந்தார்.

குடித்தார். மறுபடியும் குடித்தார்.

“புளிப்பு இருக்கு சாமி. மர வாசம் இருக்கு. எங்க தோட்டத்தைக் காணோமே?”

குரு மரியநாதர் ஒரு வாய் பருகிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பழத்தைக் கழுவினியா?”

“வெந்நீர்ல கழுவினேன்.”

“தோல் மேல வெள்ளையாப் படிஞ்சிருக்குமே, அதுலதானே தோட்டமே இருக்கு. உனக்குத் தெரியாதா?”

“தெரியும் சாமி. அண்ணன் கை பட்ட பழம்னுதான் கழுவினேன். நான் மடத்துக்கு வந்தப்போ ஊர் முன்னாடி என்னை ஓடுகாலின்னு சொன்னவர் அவர். போன வருஷம் இந்தப் பழக் கூடையோட வந்து வாசல்ல நின்னார். வேலை இருக்குன்னு சொல்லியனுப்பிட்டேன்.”

குரு எழுந்துபோய் நிலவறை மூலையிலிருந்து ஒரு சின்னச் சாடியை எடுத்து வந்தார்.

“மதிய மணி அடிக்கிற வரைக்கும் அவர் வாசல்லயே உட்கார்ந்திருந்தார். போறப்போ ஒரு கொத்தை என் கையில குடுத்தார். அதே சாறுலதான் போட்டேன். கழுவல.”

இருதயம் வாங்கிக் குடித்தார். நாக்கைச் சுருக்கும் புளிப்பு. அதற்குப் பின்னால் கிணற்றடி ஈர மண்ணும், பந்தலுக்குக் கீழே மிதிபட்ட பழமும் வந்தன. வெட்கம் பார்க்காமல் அழுதார்.

“ஏதாவது சொன்னாரா?”

“இன்னும் மோர்ச்சோறு வரைக்கும் உட்காராம பாதியிலேயே எந்திரிச்சுடுறானான்னு கேட்டார்.”

இருதயத்துக்குச் சட்டென்று கோபம் வந்தது.

“அவர் இருக்கும்போதே இதை என் கண்ணுல காட்டியிருக்கலாமே சாமி! ஓடிப்போய்ப் பார்த்திருப்பேனே!”

குரு காய்ந்திருந்த சாடி மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பதமாக ஒரு வருஷம் ஆகும். ஆகட்டும், அப்புறம் உன் கையில குடுக்கலாம்னு இருந்தேன். அவருக்கும் அவ்வளவு நாள் இருக்கும்னு நானும் நினைச்சுட்டேன், இருதயம்.”