சாம்பலில் படுத்த செவலை

அந்தக் காலத்தில் நாய்க்கும் பேச்சு இருந்தது, செடிக்கும் பேச்சு இருந்தது. ஆடு மேய்க்கும் இருளாயிக்குப் புருஷன் போன பிறகு, மனம்விட்டுப் பேச செவலை என்ற நாயை விட்டால் நாதியில்லை.

அந்த வருஷம் உண்ணி வந்தது. ஆடுகளின் காதிலும் மடியிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கி ரத்தம் குடித்தது. குட்டிகள் நிற்கத் திராணியில்லாமல் விழுந்து செத்தன. பிடுங்கிப் பிடுங்கி இருளாயியின் நகம் தேய்ந்ததுதான் மிச்சம். ஓடைக்கரை நொச்சிதான் இரக்கப்பட்டது.

"என் தழையைப் பச்சையா ஒடிச்சுக் கிடைக்குள்ள மூட்டம் போடு தாயி. வாசல் படலைத் திறக்காம மூணு நாள் போடு. புகை பட்ட உடம்புல உண்ணி தங்காது."

பொழுது சாயும் நேரம் இருளாயி மூன்று நாளுக்கு வேண்டிய தழையும் தீனியும் சேர்த்துக்கொண்டு ஆடுகளோடு கிடைக்குள் போய் மூட்டம் போட்டாள். செவலையை வெளியே நிறுத்திப் படலை இழுத்து மூடினாள்.

"நரி வரும். நான் சொல்ற வரைக்கும் வாசலை விட்டு அசையக் கூடாது."

"சரி ஆத்தா."

புகை தாங்காமல் உண்ணிகள் உதிர்ந்தன. ஆனால் சாகவில்லை. படலுக்கு அடியில் ஊர்ந்து வெளியே வந்தன. அங்கே புகை படாத உடம்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மூன்று நாளும் அப்படியே. குட்டிகள் துள்ளத் தொடங்கிய சந்தோஷத்தில் இருளாயிக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளிருந்தே கூப்பிடுவாள். "காவல்ல இருக்கேன் ஆத்தா" என்று பதில் வரும். பாவி, வெளியே வந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

நாலாம் நாள் காலையில் படலைத் திறந்தாள். செவலையின் காது தெரியவில்லை, உண்ணிதான் தெரிந்தது. ஈறு வெளுத்துக் கிடந்தது.

"ஏண்டா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா படலைத் திறப்ப. புகை போயிரும். குட்டிக செத்துரும்."

அதை வாரித் தூக்கி மூட்டச் சாம்பலில் கிடத்தி, உடம்பெல்லாம் சாம்பலை அப்பிவிட்டு நொச்சியிடம் ஓடினாள்.

"உண்ணியை விரட்டத்தான் என்னால முடியும் தாயி" என்றது நொச்சி. "குடிச்ச ரத்தத்தை வாங்கித் தர முடியாது."

திரும்பி வந்தபோது உண்ணிகள் உதிர்ந்திருந்தன. செவலை சுருண்டு கிடந்தது. எத்தனை கூப்பிட்டும் பதில் வரவில்லை. அவள் அழுகை கேட்டு வந்த மற்ற நாய்கள், ஒன்றும் பேசாமல் அந்தச் சாம்பலில் புரண்டுவிட்டுப் போயின.

அன்று முதல்தான் நாய்கள் சாம்பலைக் கண்டால் போய்ச் சுருண்டு படுக்கின்றன. எங்கே வலிக்கிறது என்று நாம் எத்தனை கேட்டாலும் வாய் திறப்பதில்லை.