ஈயம் பூச வந்த அண்டா

ஓர் ஊரில் ஓர் அண்டா இருந்தது. பித்தளை அண்டா. மூன்று குடம் தண்ணீர் பிடிக்கும் வயிறு, ஆறு குடம் பெருமை பிடிக்கும் வாய். இந்தக் கதையைப் பிற்பாடு எல்லாப் பாத்திரங்களிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தது அந்த அண்டாவேதான். அதனால் அதைக் கிண்டல் செய்ய நாம் தயங்க வேண்டியதில்லை.

அதன் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: 'நாகஜோதி திருமணத்திற்கு, தாய்மாமன் பரமசிவம் அன்பளிப்பு.' பெண்ணின் பெயரைவிட மாமனின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அப்படித்தான் வெட்ட வேண்டும் என்று கடையிலேயே நின்று வெட்ட வைத்தவர் மாமன். கல்யாணத்தன்று சீர்வரிசையில் மேளத்துக்குப் பின்னால் முதல் ஆளாகப் போனது அண்டா. தெருவில் நின்றவர்கள் மேளத்தைப் பார்த்தார்கள், பெண்ணைப் பார்த்தார்கள். எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டது.

புகுந்த வீட்டில் அதைத் தூக்கிப் பரணில் வைத்தார்கள். அதோடு அதன் உழைப்பு முடிந்தது. மூன்று வருடம் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணால் பார்க்கவில்லை.

"நாமெல்லாம் பொழங்குற பாத்திரம் இல்ல. கவுரவப் பாத்திரம்" என்று பக்கத்தில் இருந்த போசிப் பாத்திரத்திடம் சொல்லிக்கொண்டது.

கீழே அடுப்படியில் புழங்கியது சொம்பு. அதே சீரில் அண்டாவின் வயிற்றுக்குள் உட்கார்ந்து வந்த சின்னச் சொம்பு. அவ்வப்போது அது 'ணங்' என்று விழும் சத்தம் பரண்வரை கேட்கும். குழம்பில் உப்புக் கூடியதற்கு ஒரு நாள், குறைந்ததற்கு ஒரு நாள், சரியாக இருந்ததற்கு ஒரு நாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்டா மேலே இருந்தபடி ஒரே வசனத்தைச் சொல்லும்.

"நாலு பாத்திரம் இருக்கிற வீட்ல முட்டத்தான் செய்யும்."

சொன்னதும் அதற்கு ஒரு நிம்மதி வரும். கண்ணை மூடிக்கொள்ளும்.

ஒருநாள் சத்தம் இரண்டு முறை கேட்டது. முதல் சத்தம் நாகஜோதியின் இடது புருவத்தில். இரண்டாவது, அங்கிருந்து தெறித்து அம்மிக்கல்லில். சொம்பின் இடுப்பில் பெரிய ஒடுக்கு விழுந்தது. நாகஜோதிக்கு நாலு தையல். தையல் பிரித்த மறுநாள் அவள் ஒரு குட்டியானை வண்டி பிடித்து, பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். போகும்போது மேளம் அடித்தது. வரும்போது அண்டாதான் வண்டிப் பலகையில் 'டொம் டொம்' என்று அடித்துக்கொண்டே வந்தது. அவமானத்தில் அதற்கு உடம்பெல்லாம் சுட்டது. உச்சி வெயிலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தெருக்குழாயில் எதிர்வீட்டுச் சண்முகத்தாய் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நிரம்பிய குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேரே வண்டிக்கே வந்துவிட்டாள்.

"என்ன மதினி, ஜோதி ஆடிக்கு வந்திருக்காளா?"

அது ஆடி மாதம். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். மூன்று வருடத்துப் பழைய பெண்ணை யாரும் அழைப்பதில்லை. ஆனாலும் முழுகப் போகிறவளுக்குக் கயிறு கிடைத்த மாதிரி நாகஜோதியின் அம்மா பஞ்சவர்ணம் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா மதினி. ஆடிக்குத்தான்."

"அண்டா குண்டாவெல்லாம் வந்திருக்கு?"

"ஈயம் பூசணும்ல."

சண்முகத்தாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "பீரோவுக்குமா?"

"அது துணைக்கு வந்துச்சு மதினி."

சண்முகத்தாய் சிரிக்கவில்லை. அதுதான் நம்ம ஊரின் பெருந்தன்மை. முகத்துக்கு நேரே எதையும் நம்பும். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரிக்கும்.

பஞ்சவர்ணம் சீர்ப் பாத்திரங்களை ஒரு மூலையில் அடுக்கினாள். அண்டாவின் பெயர் வெட்டிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மேலே சாக்கைப் போட்டு மூடினாள்.

அந்த வீட்டின் பழைய வடசட்டி கேட்டது. "என்ன அண்ணாச்சி, அறுத்துக்கிட்டு வந்தாச்சா?"

"வாயக் கழுவு" என்றது அண்டா. "நாங்க ஈயம் பூச வந்திருக்கோம்."

"கோர்ட்ல விவாகரத்துக்கு மனுப் போட்டிருக்குன்னு ஜோதி போன்ல பேசிச்சே."

அண்டா சாக்குக்குள் தலையை இழுத்துக்கொண்டது. அந்தச் சொல்லை அந்தத் தெருவில் யாரும் வாயால் சொன்னதில்லை. சீரியலில் சொன்னால் சத்தத்தைக் குறைப்பார்கள். மற்றபடி 'அந்த விஷயம்' என்பார்கள். புருசன் செத்தால் ஒப்பாரி வைக்கத் தெரிந்த ஊருக்கு, புருசனை விட்டு உயிரோடு வந்தவளிடம் என்ன பேசுவதென்று தெரியாது.

நாகஜோதிக்கு மட்டும் எல்லாம் தெளிவாக இருந்தது. வந்த மறுநாளே சாக்கைத் தூக்கினாள்.

"அம்மா, இந்த அண்டாவை எடுத்துத் தண்ணி புடிச்சு வைப்போம். சும்மாதான கெடக்கு."

"தொடாதடி! சீர்ப் பாத்திரம். கீறல் விழாம இருக்கணும். நாளைக்கு நீ திரும்பிப் போகையில அவுக என்ன நெனப்பாக?"

"நான் திரும்பிப் போகலம்மா."

"மெதுவாப் பேசு. எதிர்வீட்டுக்குக் கேக்கும்."

ஆடி முடிந்து ஆவணி வந்தது. "ஈயக்காரரு வரக் காணோம்" என்றாள் பஞ்சவர்ணம். ஐப்பசியில், "மழையில ஈயம் ஒட்டாதாம்." தை பிறந்தது. "இப்பல்லாம் நல்ல ஈயம் எங்க மதினி கெடைக்குது?" எல்லாவற்றையும் சண்முகத்தாய் 'உச்' கொட்டிக் கேட்டுக்கொண்டாள். எப்போதும் போல அவள் குடம் ஒரே பக்கத்தை இடுப்போடு ஒட்ட வைத்துக்கொண்டு கேட்டது.

பங்குனியில் மாப்பிள்ளை ஊரிலிருந்து நாலு பேர் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா குருசாமி முன்னால் வந்தார். மாப்பிள்ளை வரவில்லை. "பய வருத்தத்துல இருக்கான்" என்றார்கள். மனுவை வாபஸ் வாங்கிவிட்டு, பெண்ணை அன்றைக்கே அழைத்துப் போவதாகப் பேச்சு. தாய்மாமன் பரமசிவமும் வந்திருந்தார். தெருவே வாசலில் கூடிவிட்டது. சும்மா போகிற வழியில் நின்றவர்கள்தான். சிலர் நாற்காலியோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

உள்ளே பரமசிவம் நாகஜோதியிடம் கெஞ்சினார். "போயிருத்தா. அப்பா இல்லாத பிள்ளை நீ. நாளைக்கு என் மகளுக்கு மாப்பிள்ளை பாக்கணும். அத்தை மக அறுத்துக்கிட்டு வந்துட்டாளாமேன்னு கேப்பான்."

"மாமா, என் புருவத்தப் பாத்தீகளா?"

பரமசிவம் அண்டாவைப் பார்த்தார். பெண்ணின் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

பஞ்சவர்ணம் அழுதுகொண்டே பாத்திரங்களைத் துடைத்தாள். சொம்பைத் தூக்கி அண்டாவுக்குள் போட்டாள். அண்டாவுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. மானம் திரும்பப் போகிறது! மறுபடி பரண், மறுபடி கவுரவம்.

"அண்ணே" என்றது உள்ளே இருந்த சொம்பு. "வாசல்ல ஊரே நிக்கிது. நீங்க லேசாச் சாஞ்சீகன்னா நான் உருண்டு விழுந்துருவேன். என் ஒடுக்க எல்லாரும் பாக்கட்டும்."

"சாயறதா? என் மேல தாய்மாமன் பேரு இருக்குடா."

"அங்க போனா ஜோதிய மறுபடியும் அடிப்பாங்கண்ணே. அடுத்த தடவை புருவத்தோட நிக்காது."

"நாலு பாத்திரம் இருந்தா முட்டத்தான்..."

"நானும் நீங்களும் எத்தன வருசமா ஒண்ணா இருக்கோம். என்னைக்காவது முட்டியிருக்கமா? பாத்திரம் எதுவும் முட்டலண்ணே. என்னை மாப்பிள்ளை தூக்கி எறிஞ்சாரு."

அண்டா ஆழ்ந்து யோசிப்பது போல் இருந்துவிட்டது.

பரமசிவமும் இன்னொருவரும் ஆளுக்கொரு வளையமாகப் பிடித்து அண்டாவை வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் குருசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு ஊரைப் பார்த்துச் சொன்னார்.

"நாலு பாத்திரம் இருக்கிற வீட்ல முட்டத்தான் செய்யும். இதுக்குப் போயி கோர்ட்டு, விவாகரத்துன்னு..."

கூட்டம் தலையாட்டியது. அண்டாவுக்குப் புல்லரித்தது. நம் வசனம்! பெரிய மனுசர் வாயில்! இந்த நேரம் பார்த்துத் தன் பெயர் வெட்டிய பக்கம் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டமோ மறுபக்கம். அதைத் தாங்க அதனால் முடியவில்லை. இத்தனை பேர் கூடியிருக்கையில் பெயர் தெரியாமல் போவதா? கூட்டத்தைப் பார்த்து ஒரு திருப்புத் திரும்பியது.

பரமசிவத்தின் கையிலிருந்து வளையம் நழுவியது. அண்டா குப்புறச் சாய்ந்தது. சொம்பு வெளியே விழுந்து, படியில் 'ணங்' என்று மோதி, உருண்டு, குருசாமியின் காலடியில் ஒடுக்கு மேலே தெரிய நின்றது. அந்த அண்டா தன் வாழ்நாளில் செய்த முதல் நல்ல காரியம் அது. அதையும் பெயரைக் காட்டப் போய்த்தான் செய்தது.

நாகஜோதி வந்து சொம்பை எடுத்தாள். ஒடுக்கைத் தன் புருவத் தழும்புக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள்.

"பாத்திரமும் பாத்திரமும் முட்டுனா பாத்திரத்துக்குத்தான ஒடுக்கு விழணும், பெரியப்பா? எனக்கு எதுக்கு நாலு தையல்?"

குருசாமி மெதுவாகச் சிரித்தார். "சின்ன ஒடுக்குதான தாயி. தட்டி எடுத்துரலாம்."

"எடுக்கலாம். ஒடுக்கெடுக்கணும்னா இன்னும் நாலு அடி அடிக்கணுமே, பெரியப்பா?"

பரமசிவம் தரையில் கிடந்த அண்டாவையே பார்த்தார். பெரிய எழுத்தில் அவர் பெயர். அதற்கு மேலே, சின்ன எழுத்தில், அவர் தூக்கி வளர்த்த பிள்ளையின் பெயர். அவர் குனிந்து வெற்றிலைத் தட்டை எடுத்துக் குருசாமியின் கையில் கொடுத்தார்.

"கொண்டு போங்க சம்பந்தி. நாளைக்கு என் மகளும் இப்படி ஒரு வண்டி புடிச்சு வந்து நின்னா, நான் என்னன்னு சொல்ல? பீரோவுக்கு ஈயம் பூசணும்னா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. பஞ்சவர்ணமும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நாற்காலியோடு வந்தவர்கள் நாற்காலியோடு போனார்கள்.

மறுநாள் காலையில் நாகஜோதி அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துத் தெருக்குழாய்க்குக் கொண்டுபோனாள். அண்டா பயத்தில் ஒடுங்கிப்போயிற்று. பெயர் தெரிகிறதே! எல்லாரும் படிப்பார்களே! யாரும் படிக்கவில்லை. குழாயில் தண்ணீர் வருவதே ஒரு மணி நேரம். அதில் அண்டாவின் கழுத்தைப் படிக்க யாருக்கு நேரம்? மூன்றே முக்கால் வருடத்தில் முதல் தண்ணீர் அதன் வயிற்றில் விழுந்தது. ஜில்லென்று இருந்தது. இதற்காகத்தான் நம்மைச் செய்தார்களா என்று அதற்கு வெட்கமாகப் போயிற்று.

சண்முகத்தாய் வரிசையில் நின்றபடி பழக்கதோஷத்தில் கேட்டாள். "என்ன மதினி, ஆடிக்கு வந்தவ இன்னும் போகலையா?"

பஞ்சவர்ணம் வழக்கம்போல ஈயத்தைத் தேடி வாயைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள்.

"ஆடிக்கு இல்ல மதினி. வந்துட்டா."

சண்முகத்தாய் 'உச்' கொட்டவில்லை. குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். எத்தனையோ வருடமாக இடுப்போடு ஒட்டியிருந்த அந்தப் பக்கத்தை அண்டா அன்றைக்குத்தான் பார்த்தது. ஒன்றல்ல, மூன்று ஒடுக்கு.

குடம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அண்டாவின் காதோரம் கேட்டது.

"அண்ணாச்சி, இந்த ஈயம் பூச வரணும்னா வண்டிக்கு யாரிட்டச் சொல்லணும்?"